ஏந்திய கைக்குத் தொழில் கொடுத்தவர்

பார்வையற்றோரின் கல்வி என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் லூயி பிறெயில். ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் உலகத்தையே திறந்துவிட்டவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால், பத்து வயதில் பிறெயில் போய்ச் சேர்ந்த அந்தப் பாடசாலையைத் தொடங்கியவர் யார்? பார்வையற்ற ஒரு பிள்ளையாலும் படிக்க முடியும், படித்துத் தொழில் செய்ய முடியும் என்று அவருக்கு முன்பே நம்பியவர் யார்? இதற்கு விடை தேடியபோதுதான் வலன்டீன் ஹாவி என்ற பிரான்சு நாட்டு மனிதரைப் பற்றி நான் அறிந்துகொண்டேன். அவர் வைத்தியர் அல்லர், செல்வந்தரும் அல்லர், பார்வையற்றவரும் அல்லர். மொழிபெயர்த்துப் பிழைத்த ஒரு சாதாரண மனிதர்.

அவரைப் பற்றி நான் எழுத விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அவரது கதையின் இடையில் சொல்கிறேன்.

நெசவாளியின் மகன்

ஹாவி 1745ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி பிரான்சின் வடபகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ஓர் ஏழை நெசவாளி. மருதமுனையில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த எனக்கு, இந்த ஒரு செய்தியே அவரை நம் ஊர்க்காரர் போல நெருக்கமாக்கிவிட்டது. ஊரிலிருந்த மடாலயத்துத் துறவிகள் நெசவாளியின் இரு மகன்களினதும் அறிவைக் கண்டு அவர்களைப் படிக்க வைத்தார்கள். மூத்தவர் ரெனே ஜூஸ்ட், பளிங்குகளை ஆராயும் அறிவியலுக்கு அடித்தளமிட்ட பெரும் விஞ்ஞானியானார். இளையவர் வலன்டீனுக்கு மொழிகளில் நாட்டம். பாரிஸ் நகருக்குச் சென்று பல மொழிகளைக் கற்று, கடிதங்களையும் ஆவணங்களையும் மொழிபெயர்த்துக் கொடுத்து வாழ்ந்தார்.

அக்காலப் பாரிஸில் பார்வையற்றவருக்கு இருந்த வழிகள் மிகக் குறைவு. 13ஆம் நூற்றாண்டிலே மன்னர் ஒன்பதாம் லூயி 300 பார்வையற்றோருக்காக ஒரு விடுதியை அமைத்திருந்தார். அங்கே தங்குமிடமும் பாதுகாப்பும் கிடைத்தன. பிச்சை எடுக்கும் உரிமையும் அங்கிருந்தோருக்கு இருந்தது. அதை ஓர் உரிமையாகக் கொடுத்த சமூகம், அவர்களால் வேறு என்ன செய்ய முடியும் என்று ஐந்நூறு ஆண்டுகளாகக் கேட்கவேயில்லை.

சந்தையில் கண்ட காட்சி

1771ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த சென் ஓவிட் சந்தையில் ஹாவி ஒரு காட்சியைக் கண்டார். ஒரு கோப்பிக் கடைக்காரர் வாடிக்கையாளரைக் கவர்வதற்காகப் பார்வையற்ற சிலரை மேடையில் இருத்தியிருந்தார். அவர்களுக்குக் கோமாளி உடையும் நீண்ட தொப்பியும் அணிவித்து, கண்களில் பெரிய மட்டைக் கண்ணாடிகளை மாட்டிவிட்டிருந்தார். முன்னால் இசைத்தாள்கள் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் வாத்தியங்களைத் தாறுமாறாக வாசிக்க, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

ஹாவிக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே கண்ட அவமானம் தன் மனதை விட்டு அகலவேயில்லை என்றும், கேலிக்காக வைக்கப்பட்ட அந்தத் தாள்களைப் பார்வையற்றோர் உண்மையாகவே வாசிக்கும்படி செய்வேன் என்று அன்றே உறுதி கொண்டதாகவும் பின்னாளில் அவர் எழுதினார்.

உறுதி கொண்டதும் அவர் உடனே பாடசாலை திறந்துவிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் பாரிஸில் ஒரு பாதிரியார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் கற்பித்துக் காட்டியிருந்தார். 1784இல் வியன்னா நகரிலிருந்து மரியா தெரேசியா பரடிஸ் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் பாரிஸுக்கு வந்து பியானோ இசைத்தார். அவருக்குக் கண் தெரியாது. ஆயினும் தொட்டுணரும் முறைகளால் அவர் வாசிக்கக் கற்றிருந்தார். இசையே அவரது தொழில். சந்தையில் கோமாளிகளாக நிறுத்தப்பட்டவர்களுக்கும் இந்தப் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு கற்பித்தல் மாத்திரமே என்பது ஹாவிக்குத் தெளிவாகியது.

தேவாலய வாசலில் நின்ற இளைஞன்

அதே 1784இல், பாரிஸிலுள்ள ஒரு தேவாலய வாசலில் பிச்சை கேட்டு நின்ற பதினேழு வயது இளைஞன் ஒருவனை ஹாவி சந்தித்தார். பெயர் பிரான்சுவா லெசுயர். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவன். அவன் கையில் விழும் சில்லறைதான் அவனுடைய வீட்டாருக்கும் சோறு போட்டது.

ஹாவி அவனைப் படிக்க வரும்படி அழைத்தார். ஆனால் படிக்கப் போனால் அன்றைய பிச்சை போய்விடும், வீட்டில் அடுப்பு எரியாது. இதை உணர்ந்த ஹாவி, பிச்சையால் அவனுக்குக் கிடைக்கும் வருமானத்தைத் தானே ஈடுசெய்வதாக ஒப்புக்கொண்டார். ஹாவியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படிப்பின் மேன்மையைப் பற்றி அவர் அந்த இளைஞனுக்குப் போதிக்கவில்லை. அவன் எதை இழக்க நேரிடும் என்று முதலில் கணக்குப் பார்த்தார். பழைய வாழ்விலிருந்து புதிய வாழ்வுக்குப் போகும் வழியில் ஒரு பாலம் வேண்டும், அந்தப் பாலத்துக்குச் செலவும் உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவி லெசுயர் கற்றான். ஒருநாள் ஹாவியின் மேசையிலிருந்த அச்சிட்ட அட்டையொன்று அவன் கையில் பட்டதாகவும், அதன் பின்புறத்தில் அழுந்திப் புடைத்திருந்த ஓர் எழுத்தை அவன் விரலாலேயே கண்டுபிடித்துச் சொன்னதாகவும் கூறப்படுகிறது. தாளிலே எழுத்துகளைப் புடைக்கும்படி அச்சிட்டால் பார்வையற்றோரும் நூல் வாசிக்கலாம் என்ற வழி இவ்வாறு பிறந்தது. ஆசிரியருக்கு வழி காட்டியது மாணவனின் விரல்தான். சில மாதங்களிலே லெசுயர் அறிஞர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டினான்.

படிப்பும் கைத்தொழிலும்

1785இல் ஹாவியின் பாடசாலை தொடங்கியது. பாரிஸிலிருந்த ஒரு பரோபகாரச் சங்கம் தனது உதவியில் இருந்த பன்னிரண்டு பார்வையற்ற பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தது. உலகில் பார்வையற்ற பிள்ளைகளுக்காக அமைந்த முதலாவது பாடசாலையாக இதனையே வரலாறு குறிப்பிடுகிறது. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

அவர் அமைத்த பாடத்திட்டத்தைப் பாருங்கள். வாசிப்பு, கணக்கு, புடைத்த வரைபடங்களின் உதவியோடு புவியியல், இசை ஆகியன ஒரு பக்கம். நூல் நூற்றல், பின்னல், கயிறு திரித்தல், புத்தகம் கட்டுதல், அச்சுத் தொழில் ஆகியன மறுபக்கம். முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்ந்திருந்தன. பாடசாலையை விட்டு வெளியேறும் நாளில் இந்தப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வியை, பிள்ளை உள்ளே வரும்போதே அவர் கேட்டுவிட்டார்.

1786இல் பார்வையற்றோரின் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூலை அச்சிட்டவர்கள் அவருடைய மாணவர்களே. அவர்கள் கற்ற தொழிலுக்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்? அவ்வாண்டு டிசம்பரில் வேர்சாய் மாளிகையில் மன்னர் பதினாறாம் லூயியின் முன்னிலையில் அந்தப் பிள்ளைகள் வாசித்தும் கணக்குச் செய்தும் தொழில் செய்தும் காட்டினார்கள்.

பின்னர் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பாடசாலையை அரசு பொறுப்பேற்றது. 1795இல் சட்டத்தின்படி அதற்குச் சூட்டப்பட்ட பெயர், உழைக்கும் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் என்பதாகும். பிச்சை எடுக்கும் உரிமை பெற்றிருந்தோருக்கு, உழைப்பவர் என்ற பெயர் கிடைத்தது.

என் ராத்தாவின் கதை

இனி, முன்னே சொன்ன காரணத்துக்கு வருகிறேன். என் பெரியும்மாவின் மகளை நான் ராத்தா என்றுதான் அழைப்பேன். அவருக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பாடசாலைப் பருவத்தில் வந்த விழித்திரை நோயால் அவரது பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. மனந்தளராமல் பிறெயில் கற்று, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தார். அன்று குடும்பமே கண்ணீர் விட்டு மகிழ்ந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் ராத்தா வீட்டில்தான் இருந்தார்.

பாடசாலையில் இருந்தவரை அவருக்கென்று ஆசிரியர்கள் இருந்தார்கள், நண்பிகள் இருந்தார்கள், காலையில் எழுந்து புறப்பட ஓர் இடம் இருந்தது. பரீட்சை முடிந்த மறுநாள் இவை எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. வேலை கேட்டுப் போன ஓரிடத்தில், கண் தெரியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருடைய முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். வீட்டுக்கு வருபவர்கள் ராத்தாவின் சுகத்தைப் பக்கத்தில் இருக்கும் பெரியும்மாவிடம் விசாரிப்பார்களே தவிர ராத்தாவிடம் பேசமாட்டார்கள். றமழான் வந்தால் மாத்திரம் தேடி வந்து கையில் பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் உனக்கு என்ன செய்யத் தெரியும் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவர் எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் ஒரு தாய். தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றித் தர முடியுமா என்று ராத்தாவிடமே வந்து கேட்டார். பெரியும்மாவுக்குப் பயம். தெருவில் போகும்போது முச்சக்கர வண்டி மோதிவிட்டால்? பிள்ளையை யாராவது ஏதும் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். முதல் மூன்று வாரங்கள் பெரிய வாப்பா கூடவே நடந்தார். பிறகு சில அடிகள் பின்னால் நடந்தார். வடிகானின் விளிம்பு, பேக்கரியின் மணம், திருப்பத்திலுள்ள மின்கம்பம் என்று ராத்தா வழியைத் தன் மனதில் எழுதிக்கொண்டார். இப்போது வெள்ளைப் பிரம்போடு தனியாகப் போய் வருகிறார். நூலில் ஒரு முடிச்சோ நைந்த இடமோ இருந்தால், மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியுமுன்பே அவருடைய விரல் கண்டுபிடித்துவிடும். கூலி பெரிதல்ல. ஆனால் இவ்வாண்டு நோன்புப் பெருநாளைக்கான பித்ராவை அவர் தன்னுடைய உழைப்பிலிருந்து கொடுத்தார். இத்தனை காலமும் பெறுபவர்களின் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது.

ஹாவியின் மாணவர்கள் நூல் நூற்றதை வாசித்தபோது எனக்கு ராத்தாவின் விரல்கள்தாம் நினைவுக்கு வந்தன.

வீழ்ச்சியும் ரஷ்யப் பயணமும்

ஹாவியின் வாழ்வு வெற்றியோடு முடிந்த கதையல்ல. 1801இல் நெப்போலியனின் அரசு செலவைக் குறைப்பதற்காக அந்தப் பாடசாலையைப் பழைய 300 பேர் விடுதியோடு சேர்த்துவிட்டது. கற்க வந்த பிள்ளைகள் முதியோரோடு ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டார்கள். கல்வி பின்தள்ளப்பட்டது, கம்பளி வேலை முன்னுக்கு வந்தது. ஹாவி இதை எதிர்த்தார். அடுத்த ஆண்டில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இதிலே நமக்கொரு பாடம் இருக்கிறது. ஹாவியும் நூல் நூற்கத்தான் கற்பித்தார், புதிய நிர்வாகமும் கம்பளி வேலைதான் கொடுத்தது. ஆனால் ஹாவியிடம் பிள்ளை தொழிலோடு வாசிப்பையும் இசையையும் கற்றது, முன்னேறிச் செல்ல வழி இருந்தது. மற்றதில் கைகள் மாத்திரமே வேண்டப்பட்டன. விசேட தேவையுடைய ஒருவரை ஒரு மூலையில் இருத்தி, வாழ்நாள் முழுவதும் ஒரே வேலையைக் கொடுத்துவிட்டு, தொழில் கொடுத்துவிட்டோம் என்று நாம் திருப்திப்பட முடியாது.

ஹாவி சோர்ந்துவிடவில்லை. சொந்தமாக ஒரு சிறு பாடசாலை நடத்தினார். 1806இல் ரஷ்ய மன்னர் முதலாம் அலெக்சாண்டரின் அழைப்பை ஏற்று, அறுபது வயதில், தன் மாணவர் ஒருவரோடு சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்குப் புறப்பட்டார். வழியில் பேர்லினில் தன் முறையைச் செய்துகாட்டினார். அங்கும் ஒரு பாடசாலை உருவானது. ரஷ்யாவில் போய்ச் சேர்ந்தபோதோ, இந்நாட்டில் பார்வையற்றவர்களே இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். அந்தப் பெரிய நாட்டில் எப்படி இல்லாமல் இருப்பார்கள்? கண்ணில் படாதபடி இருந்தார்கள், அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு உள்ளூரச் சுட்டது. எங்கள் ஊரில் அப்படிப் பிள்ளைகள் இல்லை என்று நாமும் சொல்வதுண்டு. அவர்கள் பின்கட்டு அறைகளில் இருப்பதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

பதினொரு ஆண்டுகள் அங்கே பாடுபட்டு, 1817இல் உடல்நலம் குன்றிய முதியவராக ஹாவி பாரிஸ் திரும்பினார். அவருடைய பாடசாலை அப்போது மீண்டும் தனியாக இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைய அதிபர் அவரை வாசலுக்குள் அனுமதிக்கவில்லை. அண்ணன் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். 1821இல் வேறோர் அதிபர் வந்த பின்னர்தான் அவரை அழைத்து, மாணவர்கள் இசையோடு வரவேற்றுக் கௌரவித்தார்கள். அன்று அந்தப் பாடசாலையில் இருந்த பிள்ளைகளுள் லூயி பிறெயில் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். அடுத்த ஆண்டு, 1822 மார்ச்சில், ஹாவி காலமானார்.

விதைத்தவரும் விளைந்தவையும்

பார்வையுள்ளோர் வாசிக்கும் அதே எழுத்தையே பார்வையற்றோரும் வாசிக்க வேண்டும் என்பது ஹாவியின் விருப்பம். இரு சாராரும் ஒரே சமூகமாக வாழ்வதற்கு அதுவே வழி என்று அவர் எண்ணினார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த நூல்கள் பெரிதாகவும் பாரமாகவும் இருந்தன. விரல் மெதுவாகவே நகர்ந்தது. அம்முறையில் பிள்ளைகள் வாசிக்கலாமே தவிர இலகுவில் எழுத முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் அதே பாடசாலையில் படித்த பிறெயில். அவருடைய புள்ளி எழுத்து முறை 1829இல் நூலாக வெளிவந்தது. எது தேவை என்பதை அனுபவிப்பவரே நன்கு அறிவார். பிறெயில் அப்பாடசாலையிலே ஆசிரியராகவும், பாரிஸ் தேவாலயமொன்றில் ஓர்கன் வாசிப்பவராகவும் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அதே பாடசாலையில் 1817இல் சேர்ந்த இன்னொருவர் குளோட் மொன்டால். பியானோவின் கம்பிகளைச் சுருதி கூட்டும் வேலையைத் தானே கற்றுக்கொள்ள முயன்றார். பார்வையற்ற மாணவர்கள் பியானோவைத் திறப்பதற்கு முதலில் தடை விதிக்கப்பட்டது. அவரும் ஒரு தோழரும் பழைய பியானோ ஒன்றைப் பெற்று, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றார்கள். பின்னர் அவர் பாரிஸில் பேர்பெற்ற சுருதி கூட்டுநராகி, 1836இல் அத்தொழில் பற்றி ஒரு நூலும் எழுதினார். அவரைத் தொடர்ந்து பல நாடுகளிலே பார்வையற்றோருக்கு அது மதிப்புள்ள தொழிலாக அமைந்தது.

நம் மண்ணிலும் அந்த ஒளி வந்து சேர்ந்தது. இரத்மலானையிலுள்ள செவிப்புலன், விழிப்புலனற்றோருக்கான பாடசாலை 1912இல் தொடங்கப்பட்டது. நமது வரலாற்றிலோ இந்தச் சிந்தனை மிகப் பழையது. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் அதான் சொல்லும் பொறுப்பு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற காலங்களில் ஊரின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. இரக்கப்பட்டுக் கொடுக்கப்பட்ட பொறுப்புகள் அல்ல அவை. ஊர் நம்பியிருந்த பொறுப்புகள்.

பாரிஸிலுள்ள அந்தப் பாடசாலை முற்றத்தில் இன்று ஹாவியின் சிலை நிற்கிறது. பக்கத்தில் லெசுயரும் இருக்கிறான். தேவாலய வாசலில் அந்த இளைஞனுக்கு எத்தனையோ பேர் காசு போட்டிருப்பார்கள். அவனோடு இருந்து அவன் வாழ்வை மாற்றியவர் ஒருவரே.

அன்பான பெற்றோர்களே, தோழிகளே! உங்கள் தெருவிலும் பாடசாலையை விட்டு வீட்டுக்குள் அடங்கிவிட்ட ஒரு பிள்ளை இருக்கலாம். கண் தெரியாதவராகவோ, காது கேளாதவராகவோ, மெதுவாகக் கற்பவராகவோ இருக்கலாம். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது உம்மாவிடம் விசாரிக்க முன்னர் அந்தப் பிள்ளையோடு பேசுங்கள். என்ன செய்ய விருப்பம் என்று கேளுங்கள். கடையோ தறியோ தையல் இயந்திரமோ உங்களிடம் இருந்தால், அதிலே எந்த வேலை அவருக்குப் பொருந்தும் என்று யோசியுங்கள். முதல் சில வாரங்கள் கூட நடப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஸதகாவையும் நிறுத்தவேண்டாம். அதோடு இதையும் கொடுப்போம்.